நடுவில் ஒரு ர

சேந்தாந்த்ரே நகராட்சியில்
மூன்றாம் எண் கவுண்டர் என்னுடையது.
தெரு மூட, கூடாரம் போட, மானியம் கேட்க
எல்லாரும் இங்கேதான் வர வேண்டும்.
எனக்குப் பின்னால் மாடத்தில் குடியரசின் மார்பளவுச் சிலை.
அவளுக்கு யாரும் மாலை போடுவதில்லை,
தூசி தட்டுவதுண்டு.
வெள்ளிக்கிழமைகளில்.

டிசம்பரில் வந்தது
பாந்தியாலே கோயில் சங்கத்தின் மனு.
நம் பாஞ்சாலிதான். கப்பலேறி வந்து
கிரெயோல் வாய்க்குள் புகுந்து அப்படி ஆகிவிட்டாள்.
நெருப்பு அபாயம் உண்டா என்ற கட்டத்தில்
உண்டு என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள்.
நீளம் எட்டு மீட்டர்.
பங்கேற்போரின் காலணி எவ்வகை?
அதைக் காலியாக விட்டிருந்தார்கள்.

மானியப் பக்கத்தில்தான் சிக்கல்.
க்யுல்த்யுஎல் என்று இருந்தது.
வழிபாடு. அதற்குக் குடியரசு ஒரு சல்லியும் தராது.
நடுவில் ஒரு ர விழுந்தால் க்யுல்த்யுரெல்,
பண்பாடு. அதற்குப் பந்தல், நாற்காலி,
இரண்டு தண்ணீர் வண்டி, மூவாயிரம் யூரோ.
நம் ர மாதிரி நாக்கு நுனியில் பிறப்பதல்ல அது,
தொண்டையைக் காறிக்கொண்டு வருகிற ர.

மனுவைக் கொடுத்தவள் ரெஜின் மினாச்சி.
மாடியில் பிறப்பு இறப்புப் பதிவு அவள் வேலை.
அவள் வீட்டுக்கும் ஓர் எழுத்துக் கணக்கு இருக்கிறது.
கரும்புத் தோட்டத்துக் குமாஸ்தா
மீனாட்சி என்று கேட்டு மினாச்சி என்று எழுதினான்.
நெடில் குறிலானது, ட் எங்கோ விழுந்தது,
யாரும் மனுப் போடவில்லை.
ஞாயிறு காலை மாதாகோயில், மாலை மாரியம்மன்.
இரண்டுமா என்று ஒருமுறை கேட்டேன்.
உனக்கு ஒரே காலா என்றாள்.

பதினெட்டு நாள் நோன்பு.
அலுவலக வாசலில் காகிதக் கைக்குட்டையால்
நெற்றியைத் துடைப்பாள், ஊழியர் நெற்றி
நடுநிலையாக இருக்க வேண்டுமாம்.
துடைத்த காகிதத்தை எறிய மாட்டாள்.
மடித்துக் கைப்பையில் வைப்பாள்.

நான் காரைக்காலில் கறுப்புச் சட்டை வீட்டில் பிறந்தவன்.
கல்லைக் கும்பிடாதே என்று வளர்த்த அப்பா
பிரெஞ்சுக் குடியுரிமைத் தாளை மட்டும்
பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

அதிகாரி கெர்வெல்லா, பிரெத்தாஞ்ஞிலிருந்து வந்தவர்.
அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயம்
இப்போது சுவரேறும் பயிற்சிக்கூடமாம்.
பீடம் இருந்த இடத்தில் மெத்தை.
கைபேசியில் காட்டினார்: சிவப்பு, பச்சைப் பிடிகளைப் பற்றிக்கொண்டு
பிள்ளைகள் கூரையை நோக்கி ஏறுகிறார்கள்.
"கண்ணாடி ஓவியங்களை எடுக்கவில்லை.
நல்ல வெளிச்சம்" என்றார்.
வருத்தமா, பெருமையா, குரலில் பிடிபடவில்லை.

மனுவை அவரிடம் நீட்டினேன்.
அந்தச் சொல்லில் நின்றார்.
பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டு
ஜன்னலுக்குப் போய் மழையைப் பார்த்தார்.

எழுதினேன்.
ஓர் எழுத்து நீளத்துக்கு ஒரு பொய்.
பொய்தானா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜனவரியில், தண்ணீர் வண்டி வந்ததா என்று
பார்க்கத்தான் போனேன்.
சவுக்குக் கட்டை கனன்று சாம்பல் தோல் போர்த்திருந்தது.
கயிற்றுக்கு வெளியே கெர்வெல்லா,
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல்.
ரெஜின் மஞ்சள் சேலையில் இறங்கினாள். ஓடவில்லை.
பாலில் கால் வைத்த பிறகுதான்
நான் மூச்சு விட்டேன். வெட்கமாக இருந்தது.
தீயணைப்புக்காரன் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்,
வெக்கைக்காக இருக்கலாம்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது, அவள் கையெழுத்தில்.
விபத்து: இல்லை.
நிகழ்வின் தன்மை: ர இல்லாமல்.
பென்சிலைத் தேடவில்லை நான், முத்திரையை எடுத்தேன்.
கண்டெடுத்த பொருட்கள்:
கறுப்பு ஷூ ஒரு ஜோடி, அளவு நாற்பத்து மூன்று,
குழிக்கு அந்தப் பக்கம்.
யாரும் கேட்டு வரவில்லை.